கட்டினான், கட்டுவித்தான்: ரோமில் கல்வெட்டை நீங்களே படிக்க ஒரு வழி

பாந்தியோன் கோயிலின் முகப்பில் பெரிதாக ஒரே ஒரு வரி. சதுக்கத்தின் மறுகோடியில், காப்பிக் கடை நாற்காலியில் உட்கார்ந்தபடியே படித்துவிடலாம். "லூக்கியுஸ் மகன் மார்க்குஸ் அக்ரிப்பா, மூன்றாம் முறை கான்சல், கட்டினான்" என்பதுதான் அது. கான்சல் என்பது ரோமின் உச்சப் பதவி. அக்ரிப்பா மூன்றாம் முறையாக அதில் இருந்தது கி.மு. 27இல். ஆனால் நம் கண்முன் நிற்கும் இந்தக் கட்டடத்தை அக்ரிப்பா பார்த்ததே கிடையாது. அவர் கட்டியது கி.பி. 80இல் எரிந்துபோனது. திரும்ப எழுப்பியதில் 110இல் மின்னல் விழுந்து அதுவும் எரிந்தது. இப்போது நிற்பது பேரரசர் ஹாட்ரியன் ஆட்சியில், 126 வாக்கில் முடிந்த கட்டடம். அக்ரிப்பா இறந்து அதற்குள் நூற்று முப்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

எனக்கு இது முன்பே தெரியும். ஆனாலும் பக்கத்தில் ஒரு வழிகாட்டி, இருபது பேரை நிறுத்தி, "இதைக் கட்டியவர் அக்ரிப்பா, மேலேயே எழுதியிருக்கிறது பாருங்கள்" என்று சொன்னபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. என் மனைவி முழங்கையால் இடித்தார். "என்னங்க, சும்மா இருங்கள். உங்கள் அணையில் மட்டும் யார் பெயர் இருக்கிறது?"

நியாயமான கேள்விதான். முப்பத்தொரு ஆண்டு அரசுப் பணியில் பாசனப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். சிறிதும் பெரிதுமாகச் சில தடுப்பணைகளில் என் கையும் இருக்கிறது. ஒன்றிலும் என் பெயர் இல்லை. கருங்கல் பலகையில் யார் யார் பெயர் எந்த வரிசையில், எந்த அளவு எழுத்தில் வர வேண்டும் என்பதற்குச் சுற்றறிக்கையே உண்டு. ஒருமுறை அந்த எழுத்தளவைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவனே நான்தான். அதனாலோ என்னவோ, ரோமில் எங்கே போனாலும் முதலில் கண் தேடியது பெயர்ப்பலகையைத்தான்.

எனக்கு லத்தீன் தெரியாது. போவதற்கு முன் நாற்பது சுருக்கங்களையும் நான்கு வினைச்சொற்களையும் மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போனேன். அது போதுமானதாக இருந்தது. அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

எழுத்து பற்றி இரண்டே வார்த்தை

எழுத்து உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகள் பெரும்பாலும் ரோமிலிருந்து வந்தவை. 'யு', 'ஜே', 'டபிள்யூ' மட்டும் இருக்காது. 'யு'வுக்கும் 'வி'யையே செதுக்கியிருப்பார்கள். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. அதற்குப் பதில் நடு உயரத்தில் ஒரு புள்ளி, சில இடங்களில் சிறு முக்கோணம். அந்தப் புள்ளியைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எண்களில் ஒரு சிக்கல் உண்டு. நாற்பது என்பதற்குப் பள்ளியில் படித்த 'எக்ஸ்.எல்.' வராமல், நான்கு 'எக்ஸ்' வரிசையாக நிற்கும். கல்தச்சர் தப்புச் செய்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். இரண்டு முறையும் அவர்களிடம் வழக்கத்தில் இருந்தன.

எந்த நேரத்தில் போவது என்பது முக்கியம். உச்சிவெயிலில் செதுக்கிய எழுத்து தட்டையாகிவிடும். காலை எட்டு மணிக்குள், அல்லது சாயங்காலம், சாய்ந்த வெயில் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு வெட்டும் தனியாக நிழல் கட்டும். பறவை பார்ப்பவர்கள் வைத்திருக்கும் சிறிய பைனாகுலர் ஒன்று கட்டாயம் வேண்டும். என்னிடம் இல்லை. முதல் நாள் கழுத்து வலிதான் மிச்சம்.

இனிச் சுருக்கங்கள். 'எஃப்' என்றால் மகன். அதற்கு முந்தைய எழுத்து தந்தை பெயர். அதனால்தான் அக்ரிப்பாவின் வரியில் 'எல். எஃப்.' என்று வருகிறது. 'சி.ஓ.எஸ்.' கான்சல். 'ஐ.எம்.பி.' என்பது வெற்றித் தளபதி என்ற பட்டம். 'ஏ.வி.ஜி.' அகஸ்டஸ், பேரரசர்களின் பட்டம். 'பி.எம்.' தலைமைப் பூசாரி, 'பி.பி.' தாய்நாட்டின் தந்தை. 'எஸ்.சி.' செனட் சபையின் தீர்மானம். பயிற்சிக்கு விமானம் ஏற வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் புதையலாகக் கிடைத்த ரோமானியக் காசுகளின் தொகுப்பு சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் மண்ணில் அதிகம் அகப்பட்ட, முதல் பேரரசர் அகஸ்டஸின் வெள்ளிக்காசு வகை ஒன்றில், தலையைச் சுற்றி ஓடும் எழுத்துகளில் இந்தப் பட்டங்களில் சில இருக்கும். கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் படிக்கப் பழகியவருக்குக் கோபுர வாசலில் சிரமம் இருக்காது.

மிச்சம் ஒன்றுதான்: 'டி.ஆர்.பி.', அல்லது கொஞ்சம் நீட்டி 'டிரிப். பாட்.'. அது மக்கள் காவலர் அதிகாரம். பேரரசர்கள் அதை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்வார்கள். அதன் பக்கத்து எண்தான் நமக்குக் காலண்டர். அந்த அதிகாரம் முதலில் கிடைத்த ஆண்டோடு (பெரும்பாலும் ஆட்சி தொடங்கிய ஆண்டுதான்) அந்த எண்ணைக் கூட்டி ஒன்றைக் கழித்தால் கல்வெட்டின் ஆண்டு கிடைத்துவிடும். பேரரசர் கிளாடியுஸ் ஆட்சிக்கு வந்தது 41. எண் பன்னிரண்டு என்றால் 52. ஆண்டு ஜனவரியில் புரளாமல் அவர்கள் பதவியேற்ற நாளில் புரளும் என்பதால் ஓராண்டு முன்பின் ஆகலாம். எஸ்டிமேட்டில் அந்த அளவு வித்தியாசத்தைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே நாம்.

வினை கடைசியில் இருக்கும்

லத்தீன் கல்வெட்டு நமக்கு எளிதாக வசப்படுவதற்குக் காரணம் அதன் வாக்கிய அமைப்பு. யார், எதை, எதிலிருந்து, எவ்வளவு தூரம், யார் செலவில் என்று எல்லாம் சொல்லி முடித்தபிறகு வினை வரும், நம் வாக்கியம்போலவே. பெயர் 'உஸ்' என்று முடிந்தால் அவரே எழுவாய். 'ஓ' என்று முடிந்தால் பெரும்பாலும் நான்காம் வேற்றுமை, அவருக்கு. 'இஸ்' என்று முடிந்தால் பெரும்பாலும் ஆறாம் வேற்றுமை, அவருடைய. எல்லாப் பெயருக்கும் இது பொருந்தாது. வாசலில் நிற்கிறவருக்கு இவ்வளவு போதும்.

ஆகவே முதலில் பெயரைப் படிக்காதீர்கள். கடைசிச் சொல்லுக்குப் போங்கள்.

'ஃபேகிட்' என்றால் கட்டினான், செய்தான். 'கூராவிட்' என்றால் நடக்கும்படி பார்த்துக்கொண்டான், அதாவது கட்டுவித்தான். 'ரெஸ்டிடுயிட்' என்றால் பழையபடி ஆக்கிக் கொடுத்தான். நான்காவதுதான் என் மனத்துக்கு நெருக்கமானது: 'ப்ரோபாவிட்', பார்த்துச் சரி என்று ஏற்றுக்கொண்டான்.

இந்த நான்காவது சொல்லைப் பார்க்க டைபர் ஆற்றுத் தீவுக்குப் போக வேண்டும். யூதர் குடியிருப்புப் பக்கத்துக் கரையையும் தீவையும் இணைக்கும் ஃபாப்ரிகியுஸ் பாலம் கி.மு. 62இல் கட்டியது. இன்றும் ஆள் நடக்கிறது. இரண்டு கண் பாலம். ஒவ்வொரு கண்ணும் ஏறக்குறைய 24 மீட்டர் அகலம். நடுத்தூணின் வயிற்றில் ஒரு சிறு கண் விட்டிருக்கிறார்கள். வெள்ளம் ஏறும்போது தூணின் மேல் விழும் அழுத்தத்தைக் குறைக்கத்தான் அது. அதைப் பார்த்ததும் கை தானாகத் தூணைத் தட்டிக்கொடுத்துவிட்டது.

கல்வெட்டைத் தேடிப் பாலத்தின் மேலேயே இரண்டு முறை நடந்தேன். கிடைக்கவில்லை. அது வளைவின் வெளிமுகத்தில் இருக்கிறது. பாலத்தில் நடப்பவருக்குத் தெரியாது. படகில் வருபவருக்கும் கரையில் நிற்பவருக்கும்தான் தெரியும். படியிறங்கி நீர்மட்டத்துக்குப் போய் அண்ணாந்து பார்க்க வேண்டும். "கையுஸ் மகன் லூக்கியுஸ் ஃபாப்ரிகியுஸ், சாலைகளின் பொறுப்பாளன், கட்டுவித்தான்" என்று இருக்கும். 'கூராவிட்' என்பது பழைய எழுத்துமுறையில் 'கோய்ராவிட்' என்று தெரியும். அதோடு சிறிய எழுத்தில் இன்னொரு வரி: "அவனே சரிபார்த்து ஏற்றுக்கொண்டான்."

அங்கேயே நின்றுவிட்டேன். எங்கள் வேலையில் உயிர்நாடி எம்-புக் என்கிற அளவுப் புத்தகம். வேலையை அளந்து எழுதுபவர் ஒருவர்; அதில் ஒரு பங்கை மீண்டும் அளந்து பார்த்துக் கையெழுத்திடுபவர் அவருக்கு மேலே இன்னொருவர். இரண்டு கையெழுத்தும் இல்லாமல் பில் நகராது. ஃபாப்ரிகியுஸோ தானே கட்டுவித்து, தானே பாஸ் செய்து, அதைக் கல்லிலும் வெட்டி வைத்திருக்கிறார். எங்கள் தணிக்கைக்காரர்கள் பார்த்திருந்தால் மூன்று பக்கத்துக்கு ஆட்சேபணை எழுதியிருப்பார்கள். ஆனால் கதை அதோடு முடியவில்லை. அதே பாலத்தில் இரண்டு கான்சல்களின் பெயரோடு இன்னொரு சிறு கல்வெட்டு இருக்கிறது. லெப்பிதுஸ், லோல்லியுஸ் இருவரும் "செனட் தீர்மானப்படி சரிபார்த்து ஏற்றுக்கொண்டார்கள்." ஆண்டு கி.மு. 21. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு ஆற்றில் பெருவெள்ளம் வந்திருந்தது. இரண்டாவது கையெழுத்து விழுவதற்கு நாற்பத்தோரு ஆண்டு ஆகியிருக்கிறது. ஆனாலும் விழுந்துவிட்டது.

மஜ்ஜோரே வாசலில் அரை நாள்

ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், கொலோசியத்தை விட்டுவிட்டு மஜ்ஜோரே வாசலுக்குப் போங்கள். டெர்மினி ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான், டிராமும் போகிறது. டிக்கெட் கிடையாது, கூட்டம் கிடையாது. சுற்றிலும் டிராம் தண்டவாளங்கள், புகை. சுற்றுலாப் பயணிகள் அந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை.

பெயர் வாசல் என்றாலும் உண்மையில் அது இரண்டு சாலைகளைத் தாண்டிச் செல்லும் நீர்ப்பாலம். மதிலில் சேர்த்து அதை வாசலாக்கியது பிற்காலத்தில்தான். பக்கவாட்டில் நின்று மேலே பாருங்கள். வெட்டிய முகத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பொந்து தெரியும். கீழே ஓடியது கிளாடியா கால்வாய், மேலே புதிய ஆனியோ கால்வாய். முன்னது ஏறக்குறைய 69 கிலோமீட்டர், பின்னது 87. மலை ஊற்றிலும் ஆற்றிலும் எடுத்த நீர், பம்பு ஒன்றும் இல்லாமல், வெறும் சரிவில் நகருக்கு வந்தது. கீழிருந்து பார்த்தால் அந்த இரண்டு பொந்துகளுக்கும் இடையே உள்ள உயரம் கையளவுதான். அந்த உயரத்தைக் கடைசிவரை காப்பாற்றிக் கொண்டுவர, மலையடிவாரத்திலேயே லெவல் எவ்வளவு சரியாக எடுத்திருக்க வேண்டும் என்பது, அந்த வேலை செய்தவனுக்குத்தான் தெரியும்.

நெற்றியில் மூன்று பட்டைகளாகக் கல்வெட்டு. மேலே இருப்பது கிளாடியுஸுடையது. பட்டங்கள் மட்டும் இரண்டு வரி. அதில் டிரிப். பாட். பன்னிரண்டு, ஆகவே 52. பிறகு: கைருலேயுஸ், கூர்தியுஸ் என்ற ஊற்றுகளிலிருந்து, 45ஆம் மைல்கல்லிலிருந்து, கிளாடியா நீரை, 62ஆம் மைல்கல்லிலிருந்து புதிய ஆனியோ நீரை, "தன் செலவில்" நகருக்குக் கொண்டுவரச் செய்தான். கடைசிச் சொல் 'கூராவிட்'. இந்தச் செலவை 35 கோடி செஸ்டர்டியஸ் காசு என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி கணக்குச் சொல்கிறார். வேலையை 38இல் தொடங்கியவர் அவருக்கு முந்தைய பேரரசர் கலிகுலா. அவர் பெயர் இங்கே எங்கும் இல்லை.

நடுப்பட்டையில் வெஸ்பாசியன், ஆண்டு 71. கிளாடியுஸ் கொண்டுவந்த நீர் "இடையில் நின்று, ஒன்பது ஆண்டுகளாகச் சிதைந்து கிடந்ததை" தன் செலவில் மீட்டுக் கொடுத்தாராம். கடைப்பட்டையில் அவர் மகன் டைட்டஸ், ஆண்டு 81 வாக்கில். ஊற்றுக்கண்ணிலிருந்தே, அடித்தளத்தோடு, "பழமையால்" சிதைந்துவிட்டதால் புதிதாகக் கட்டிக் கொண்டுவரச் செய்தாராம்.

நோட்டை எடுத்துக் கணக்குப் போடுங்கள். 52இல் திறப்பு விழா. 71இல் ஒன்பதைக் கழித்தால் 62. பத்தே ஆண்டில் நீர் நின்றுவிட்டது. ஒன்பது ஆண்டு வறண்டு கிடந்தது. 71இல் பழுது பார்த்து, பத்து ஆண்டு கழித்து மறுபடியும் அடியோடு புதிது. வயது மொத்தம் 29. அதற்கு மூப்பாம்! இந்த மாதிரி 'மூப்பு' எழுதிய எஸ்டிமேட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீர்க்கசிவா, அஸ்திவாரம் இறங்கியதா, அவசரத்தில் செய்த வேலையா என்று கல்வெட்டு சொல்லாது. ஆனால் தங்கள் பெருமையை எழுத வந்த இரண்டு பேரரசர்கள், தங்களை அறியாமலே பராமரிப்புப் பதிவேட்டைக் கல்லில் வெட்டி வைத்துவிட்டார்கள். அந்த வாசலின் அருமை அதுதான். மூன்று வாக்கியத்தையும் தனித்தனியாகப் படித்தால் மூன்று புகழுரை. மேலிருந்து கீழே தொடர்ந்து படித்தால் ஒரு பழுது அறிக்கை.

அங்கிருந்து கிளம்புமுன் பக்கத்திலேயே வட்ட வட்டமாகத் துளை போட்ட ஒரு விநோதமான கல் கட்டடத்தைப் பாருங்கள். வாசலைவிடப் பழையது. பின்னால் வந்த கோபுரங்களுக்குள் மூடுண்டு கிடந்து, 1838இல் அவற்றை இடித்தபோது வெளிவந்தது. "இது மார்க்குஸ் வெர்கிலியுஸ் யூரிசாக்கெஸின் நினைவகம், ரொட்டி சுடுபவன், ஒப்பந்ததாரன், தெரிகிறதே!" என்று அதில் எழுதியிருக்கிறது. கடைசிச் சொல்லைப் பதவிப் பெயராகப் படிப்பவர்களும் உண்டு. 'தெரிகிறதே' என்ற வாசிப்பைத்தான் நான் விரும்புகிறேன். மேலே மாவு பிசைவது, உருட்டுவது, அடுப்பில் வைப்பது, எடை போடுவது எல்லாம் வரிசையாகச் சிற்பத்தில். பேரரசர்களின் மூன்று பட்டைகளையும் எழுதுவதற்கு வெகு முன்பே ஒரு காண்ட்ராக்டர் தன் பெயரைத் தன் காசில் போட்டுக்கொண்டுவிட்டார்.

பொறியாளர் பெயரை எங்கே தேடுவது

பொதுக் கட்டடத்தில் தேடாதீர்கள். அதற்குச் சட்டமே தடை. பேரரசர் பெயரையும், யார் பணத்தில் கட்டினார்களோ அவர் பெயரையும் தவிர வேறு பெயரைப் பொதுப்பணியின்மேல் எழுதக் கூடாது என்று ரோமானியச் சட்டத் தொகுப்பில் மாக்கெர் என்ற சட்ட அறிஞரின் வாசகம் இருக்கிறது. பாந்தியோனின் விதானம் 43 மீட்டர் அகலம், கம்பி இல்லாத கான்கிரீட், உச்சியில் ஒன்பது மீட்டர் அகலத்துக்குத் திறந்த வட்டம். அதை வரைந்தவர் பெயர் இன்றுவரை தெரியாது. கட்டடத்தின் வயதே செங்கல் முத்திரைகளை வைத்துத்தான் தெளிவானது. சூளையின் பெயர், அதை நடத்தியவர் பெயர், சிலவற்றில் அந்த ஆண்டுக் கான்சல்கள் பெயர் என்று செங்கல்லில் வட்ட முத்திரை குத்துவார்கள். முகப்பில் இருக்கும் வெண்கல வரி சொல்லாததைச் சுவருக்குள் இருந்த செங்கல் சொன்னது. ஹாட்ரியனுக்குத் தான் கட்டியவற்றில் தன் பெயரைப் போடும் வழக்கம் இல்லை என்று அவர் வரலாற்றை எழுதியவரே குறிப்பிடுகிறார். ஆகவே அக்ரிப்பாவின் வரி ஹாட்ரியன் வேண்டுமென்றே விட்டுவைத்த மரியாதை.

ட்ராஜன் தூணுக்குப் போனால் அடிப்பீடத்தின் வாசலுக்கு மேலே இருப்பதைப் படியுங்கள். எழுத்து வெட்டுவதில் அதைவிட அழகானது ரோமில் நான் பார்க்கவில்லை. இங்கே பேரரசர் பெயர் 'ட்ராயானோ' என்று முடிகிறது. ஆகவே நான்காம் வேற்றுமை. எழுவாய் செனட்டும் ரோமானிய மக்களும். டிரிப். பாட். பதினேழு, ட்ராஜனுக்கு அந்த அதிகாரம் கிடைத்த 97இலிருந்து எண்ணினால் 113. கடைசி இரண்டு வரிதான் முக்கியம்: "இத்தனை பெரிய வேலைகளுக்காக வெட்டி அகற்றிய குன்றும் இடமும் எவ்வளவு உயரம் இருந்தன என்று காட்டுவதற்கு." நடுவில் சில எழுத்துகள் போய்விட்டன. பின்னாளில் பீடத்தை ஒட்டி யாரோ கூரை இறக்கியதில் சிதைந்தவை.

குளத்தில் மண் எடுக்கும்போது நடுவில் ஒரு திட்டை வெட்டாமல் விட்டுவைப்போம். வெட்டிய ஆழத்தை அதில் அளந்துதான் கூலி. ட்ராஜன் தூண் அந்தச் சாட்சித் திட்டு, பளிங்கில். தூணின் உடல் மட்டும் நூறு ரோமானிய அடி, கிட்டத்தட்ட 30 மீட்டர். தூண் நிற்கும் அதே இடத்தில் குன்று இருந்ததா என்பதில் ஆய்வாளர்களுக்குள் பேச்சு உண்டு. திரும்பி நின்று, பின்னால் சரிவை வெட்டி அதன்மேல் அடுக்கடுக்காகச் செங்கல்லில் கட்டியிருக்கும் சந்தைக் கட்டடத்தைப் பாருங்கள். வெட்டியது எவ்வளவு என்று கண்ணாலேயே மதிப்பிடலாம்.

தூண் நிற்கும் ட்ராஜன் சதுக்கத்தை அமைத்தவர் டமாஸ்கஸ் நகரத்து அப்பொல்லோடோருஸ். டான்யூப் ஆற்றில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான பாலம் போட்டவரும் அவர்தான். தூணைச் சுற்றி ஏறும் சிற்பப் பட்டையில் அந்தப் பாலமே இருக்கிறது. கல்லில் அவர் பெயர் இல்லை. அவர் முடிவைப் பற்றி வரலாற்றாசிரியர் தியோ ஒரு கதை சொல்கிறார். ட்ராஜனோடு அவர் வேலை பேசிக்கொண்டிருந்தபோது இளைஞர் ஹாட்ரியன் குறுக்கே புகுந்து யோசனை சொன்னாராம். "போய் உன் சுரைக்காயை வரை" என்று விரட்டிவிட்டார் அப்பொல்லோடோருஸ். பின்னாளில் ஹாட்ரியன் பேரரசராகி, தான் வரைந்த கோயிலின் படத்தை அவருக்கு அனுப்பினார். உள்ளே உட்கார்ந்திருக்கும் தெய்வங்கள் எழுந்து வெளியே போக நினைத்தால் கூரை இடிக்கும் என்று பதில் வந்தது. உயிர் போயிற்று என்கிறார் தியோ. வரலாற்றாசிரியர்கள் பலர் இதை நம்புவதில்லை. மேலதிகாரியின் படத்தில் சிவப்பு மையால் கோடு போட்ட அனுபவம் உள்ளவன் என்பதால், முதல் பாதியையாவது நான் நம்புகிறேன்.

சட்டத்தைச் சுற்றிப் போனவர்களும் இருந்தார்கள். ஸ்பெயினில் அல்காந்தரா பாலத்தின் மேல் வளைவில் ட்ராஜன் பெயர் இருக்கிறது. கட்டிய கையுஸ் யூலியுஸ் லாக்கெர், பாலத்தின் கோடியில் ஒரு சின்னக் கோயில் எழுப்பி அதில் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். ஈயக் குழாய் வார்த்தவர்களும் கெட்டிக்காரர்கள். குழாயின் மேல் பேரரசர் பெயர், மேற்பார்வை அதிகாரி பெயர், கடைசியில் குழாய் வார்த்தவர் பெயரும் 'எஃப்.இ.சி.' என்ற மூன்று எழுத்தும். 'ஃபேகிட்' என்பதன் சுருக்கம் அது. உண்மையாகவே செய்தவர் அந்தச் சொல்லைப் போட்டுக்கொண்டது இந்த மண்ணுக்கடியில்தான். ரோமின் அருங்காட்சியகங்களில் இந்தக் குழாய்கள் பெரும்பாலும் மூலையில், வெளிச்சம் படாத அலமாரியில் இருக்கும். கேட்டுப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் எனக்கு உயர்வாகத் தோன்றும் கல் ரோமில் இல்லை, அல்ஜீரியாவில் இருக்கிறது. நோனியுஸ் டாட்டுஸ் என்ற லெவல் பார்ப்பவர், மூன்றாம் அகஸ்டா படைப்பிரிவைச் சேர்ந்தவர். சால்தே என்ற ஊருக்குத் தண்ணீர் கொண்டுபோக ஒரு மலையில் 428 மீட்டர் சுரங்கம் போடக் கோடு போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார். இரண்டு முனையிலிருந்தும் தோண்டினார்கள். இரு பக்கமும் பாதிக்கு மேல் போயும் சந்திக்கவில்லை. ஆளனுப்பி அழைத்தார்கள். வழியில் கொள்ளையர் அடித்துத் துணியைக்கூட விடவில்லை. காயத்தோடு போய்ச் சேர்ந்து பார்த்தால் எல்லோரும் நம்பிக்கை இழந்து நிற்கிறார்கள். மேல்முனைக்காரர்கள் தங்கள் வலப்பக்கம் விலகியிருக்கிறார்கள். கீழ்முனைக்காரர்கள் தங்கள் வலப்பக்கம். இவ்விடத்தில் அவர் எழுதுகிறார்: வழக்கம்போலப் பழி அளவு எடுத்தவன் மேலேயே விழுந்தது. பிறகு கடற்படை ஆட்களையும் மலைப்படை ஆட்களையும் போட்டி போட்டுத் தோண்டவிட்டு, குறுக்கே வெட்டி இணைத்து முடித்தார். ஓய்வுபெற்றபின் இந்தக் கதை முழுவதையும் கல்லில் வெட்டி, மேலே பொறுமை, வீரம், நம்பிக்கை என்று மூன்று பெண் முகங்களை வைத்தார். கி.பி. 152ஐ ஒட்டிய கதை. இதைப் படித்த அன்று இரவு நான் என் மனைவிக்கு இரண்டு முறை சொல்லிக் காட்டினேன். இரண்டாம் முறை அவர் தூங்கிவிட்டார்.

பெயரே வேண்டாம் என்றவர் ஒருவரும் உண்டு. 97இல் நகரின் நீர்ப் பொறுப்பை ஏற்ற ஃப்ரோன்டினுஸ். ஒன்பது கால்வாய்களையும் அளந்து, உள்ளே வரும் நீரையும் கணக்கில் கொடுக்கும் நீரையும் ஒப்பிட்டு, நடைபாதைக்கு அடியில் குழாயைத் துளைத்துத் திருடியவர்களைப் பிடித்தவர். ஆப்பியுஸ் கால்வாயின் பெயர்க்கதையும் அவர் எழுதி வைத்ததுதான். கி.மு. 312இல் ஊற்றைத் தேடிக் கண்டவர் ப்ளௌதியுஸ். கூட்டுப் பொறுப்பில் இருந்த ஆப்பியுஸும் தன்னோடு பதவி விலகுவார் என்று நம்பி அவர் விலகினார். ஆப்பியுஸ் விலகவில்லை, சாக்குப்போக்குச் சொல்லிச் சாலையும் கால்வாயும் முடியும்வரை இருந்து பெயரைத் தட்டிக்கொண்டார். இப்படி அடுத்தவர் பெயர் போன கதையைப் பதிவு செய்த ஃப்ரோன்டினுஸ், தனக்கு நினைவுச்சின்னம் எழுப்ப வேண்டாம், அது வீண்செலவு என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியாக ஒரு பயிற்சி

த்ரேவி நீரூற்றுக்குக் காலை ஆறு மணிக்குப் போங்கள். அதில் விழுவது அக்ரிப்பா கி.மு. 19இல் கொண்டுவந்த விர்கோ கால்வாயின் வழிவந்த நீர்தான். நீரூற்றின் இடது மேல்புறத்துச் சிற்பத்தில் அக்ரிப்பா கால்வாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தருகிறார். பார்த்துவிட்டு, ஐந்து நிமிடம் நடந்து நசரேனோ தெருவுக்குள் போங்கள். கம்பி வேலிக்குப் பின்னால், இன்றைய தெரு மட்டத்துக்குக் கீழே, அதே கால்வாயின் வளைவுகள் அமுங்கிக் கிடக்கும். அதில் கிளாடியுஸின் கல்வெட்டு உண்டு. டிரிப். பாட். ஐந்து என்று இருக்கும். ஆண்டை நீங்களே கணக்குப் போடுங்கள். வினை இரட்டை: 'ஃபேகிட் அக் ரெஸ்டிடுயிட்', கட்டினான், மீட்டும் கொடுத்தான். வினைக்குச் சற்று முன்னே, எவரால் இந்த வளைவுகள் குலைந்தன என்றும் ஒரு பெயர் வரும்: 'பெர் சி. கைசரெம்', கையுஸ் சீசரால். மஜ்ஜோரே வாசலில் தொடங்கியவர் என்று பெயர் போடாமல் விட்டார்களே, அதே கலிகுலாதான்.